முழங்காலுக்கு ஒரு பாட்டு

கேள்வி: அம்மம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத்தேய்வு. எண்ணெய், ஒத்தடம், குளிசை எல்லாம் நடக்கிறது. பாட்டுக் கேட்டாலும் நோ குறையுமாமே, உண்மையா?
- ஒரு பேத்தி, சாட்டி, வேலணை

பதில்: உண்மைதான். ஆனால், தேய்ந்த மூட்டைப் பாட்டு வளர்க்காது. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூட்டுத்தேய்வு உள்ள 66 முதியவர்களில் ஒரு பகுதியினர் 14 நாள், தினம் 20 நிமிடம் மொசார்ட் கேட்டார்கள். மற்றவர்கள் அதே நேரம் சும்மா அமைதியாக இருந்தார்கள். கேட்டவர்களுக்கே நோ கூடுதலாகக் குறைந்தது. நோவை உணர்வது மூளை. அதற்குப் பிடித்த வேலை கிடைத்தால், முழங்காலின் முறைப்பாட்டை முழுக்கக் காதில் போட்டுக்கொள்ளாது. இறுகிய தசையும் கொஞ்சம் இளகும்.

அம்மம்மாவுக்கு மொசார்ட்டைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமோ, சிந்தாத்திரை மாதா கோவில் பாட்டோ, பி. சுசீலாவோ, தெரிவு அவருடையது. பேத்தியின் தெரிவென்றால் தலையிடியும் சேர்ந்து வரலாம். தெட்சணாமூர்த்தியின் தவில் என்றால், கதிரைக் கைப்பிடியில் விரலால் தாளம் போடட்டும். விறைத்த விரலுக்கு அதுவும் பயிற்சி.

குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். அந்தக் கணக்கு வைத்தியருடையது. மூட்டு சிவந்து, வீங்கி, சுட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மற்ற நாள்களில், வெயில் தாழ்ந்தபின் சாட்டிக் கடற்கரையில் பாட்டோடு மெல்ல நடக்கலாம். கால் புதையும் மணலை விட்டு, இறுகிய ஈரமணலில் நடக்கவிடுங்கள்.

"இப்ப வாற பாட்டெல்லாம் ஒரு பாட்டோ?" என்று அவர் திட்டத் தொடங்கினால், சிகிச்சை வேலை செய்கிறது என்று அர்த்தம்.