புளூடூத் புலவர்

புளூடூத் புலவர் பெரும்பாலும் நாற்பதைத் தொட்டவர், மாதச் சம்பளக்காரர், வீட்டில் டிவி ரிமோட்டின் மேல்கூட உரிமை இல்லாதவர். காதில் இயர்பட்ஸ் இருப்பது மட்டும் இவருக்கு அடையாளமாகாது. அது தாம்பரம் மின்சார ரயிலில் அநேகம் பேர் காதில் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரின் காதை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், உங்களுது வெறும் எஸ்பிசி-யா, எல்டாக் இருக்கா?" என்று கேட்பவர் எவரோ அவரே புலவர்.

புலமையின் முதல் பாடம் பெயர்க்காரணம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற அரசனின் பட்டப்பெயர்தான் புளூடூத் என்பதையும், அந்தச் சின்னம் அவன் பெயரின் முதலெழுத்துகளைப் பழைய வடமொழி எழுத்தில் பின்னியது என்பதையும் (இந்த வடமொழி ஐரோப்பாவின் வடக்கு) கேட்காதவரிடமும் சொல்வார். கேட்டவர் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொள்வது வழக்கம்.

அடுத்தது கோடெக். பாட்டை அப்படியே காற்றில் அனுப்ப இடம் போதாது என்பதால் போன் அதைச் சுருக்கி அனுப்புகிறது. ஹெட்போன் விரித்துக் கொடுக்கிறது. சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்க வேண்டிய எஸ்பிசி விநாடிக்கு ஏறக்குறைய 328 கிலோபிட் வரை கொண்டுபோகும். சோனி நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த எல்டாக், 990 வரை போகும். இந்த 990-தான் புலவரின் குலதெய்வம். அதை வரவழைக்க ஒரு சடங்கும் உண்டு: ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு தடவை தட்ட வேண்டும். தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். புலவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். யார் போன் கையில் கிடைத்தாலும் செய்வார்.

வரவழைத்த 990-ல் அவர் கேட்பது என்ன என்று பார்க்க வேண்டும். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று; யாரோ ஒரு புண்ணியவான் பழைய கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றியது. அது போனுக்கு வந்து சேரும்போதே 128 கிலோபிட் அளவுக்குச் சுருங்கித்தான் வருகிறது. அரை அங்குலக் குழாயில் வரும் தண்ணீரை ஆறு அங்குலக் குழாய்க்கு மாற்றிவிட்டு, வேகம் எப்படி என்று கேட்கிற கதை. கேசட்டின் இரைச்சல் மட்டும் ஒரு துளி குறையாமல் வருகிறது. அதைத்தான் அவர் "டீடெயில்" என்கிறார்.

ரயிலில் கூட்டம் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்துக் குடித்தனம். நெரிசலைச் சமாளிக்க அது 79 அலைவரிசைகளுக்கிடையே விநாடிக்கு 1600 தடவை வரை தாவுகிறது. அது போக, மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை விழுங்கும். பேன்ட் பின்பாக்கெட்டில் போன் இருந்தால், புலவரின் உடம்பே காதுக்கும் போனுக்கும் நடுவே சுவராக நிற்கும். (சுவரின் கனம் ஆளுக்கு ஆள் மாறும்.) வீட்டுக்குள் அலை சுவரில் பட்டுத் திரும்பி எப்படியோ காதுக்கு வந்துவிடும், மெரினா மணலில் திருப்பியனுப்ப எதுவும் இல்லாததால் பாட்டு விக்கி விக்கி வரும். விக்காமல் இருக்க எல்டாக்கை 330-க்கு இறக்க வேண்டியிருக்கிறது. எஸ்பிசி-க்கு 328, இவருக்கு 330. அந்த இரண்டு கிலோபிட் உயரத்திலிருந்துதான் மாம்பலம் தாண்டும்வரை பக்கத்து இருக்கைக்காரரைக் குனிந்து பார்க்கிறார்.

போன் வந்தால் அந்த இரண்டும் போயிற்று. மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஹெட்போன் வேறு முறைக்கு மாறி, இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தொலைபேசித் தரத்தில் கொடுக்கும். அலுவலக மீட்டிங்கில் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "கேக்குதா?" என்பதே. அந்தப் பக்கத்திலிருந்து, "சார், உங்க வாய்ஸ் கட் ஆகுது, சாதாரண போன்ல வாங்களேன்" என்று பதில் வரும்.

வீட்டில் நடப்பது இணைப்புச் சிக்கல். அவருடைய ஹெட்போன் போன், லேப்டாப், டிவி, மகளின் டேப்லெட் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் காதில் மாட்டினால் உள்ளே ஒரு பெண்குரல் "கனெக்டட்" என்னும். எதோடு என்று சொல்லாது. அவர் போனில் பாட்டை அழுத்த, அது போன் ஸ்பீக்கரில் வீடே அதிரப் பாடும். ஹாலிலிருந்து, "அப்பா, கார்ட்டூன்ல சவுண்டு வரலை!" என்று குரல் கேட்கும். உண்மையில் கேட்காது. அவர் காதில் கார்ட்டூன் பூனை கத்திக்கொண்டிருக்கும்.

சத்தக் குறைப்பு வசதியை அவர் பயன்படுத்தும் விதமும் குறிப்பிடத்தக்கது. வெளியில் வரும் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி இரண்டையும் அடித்துக்கொள்ள விடுவது அதன் உத்தி. ஏசி, விமானம், ரயில் மாதிரி ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலுக்கே அது சரிப்படும். "ஏங்க, மூணு விசில் வந்தா அடுப்ப அணைங்கன்னு சொன்னேனே?" என்று மனைவி கேட்கும்போது, "நாய்ஸ் கேன்சலேஷன் போட்டிருந்தேன்மா" என்று சொல்வதை இயற்பியல் ஏற்பதில்லை. குக்கர் விசிலைத் தடுக்க அந்த உத்திக்கு வலு கிடையாது. மனைவியும் ஏற்பதில்லை, காரணம் வேறு.

ஹெட்போனின் பேஸ் பெரும்பாலும் காதை அடைக்கும் ரப்பர் முனையைப் பொறுத்தது. இடுக்கில் காற்று போனால் பேஸும் அதோடு போய்விடும். இதற்காகவே பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி வைக்கிறார்கள். புலவர் பெட்டியைத் திறந்த நாளில் நடுத்தரம் மாட்டியிருந்தது; இன்றும் அதுதான். பேஸ் போதவில்லை என்று ஈக்வலைசரில் மூன்று மாதம் செலவிட்டவர், மற்ற இரண்டு ஜோடிகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை.

பொடி அளவு பேட்டரி சில நூறு சார்ஜுக்குப் பிறகு தளர்ந்துவிடும். ஐந்து மணி நேரம் பாடியது இரண்டு மணி நேரத்தில் மூச்சு வாங்கும். பேட்டரியை மாற்றலாம் என்றால் எல்லாம் ஒட்டி மூடியது. புலவர் புதிது வாங்கிக்கொள்கிறார். பழையது பெட்டியோடு மச்சினனுக்குப் போகிறது, கூடவே உபதேசமும்: "மாப்ளே, பில்ட் நம்பர ஏழு தடவ தட்டணும், மறந்துடாத." மச்சினனிடம் இருப்பது ஐபோன், அதில் எல்டாக் கிடையாது. அவன் பெட்டியைக் குடைந்து, பெரிய ரப்பர் முனையின் உறையைப் பிரித்து மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைப் போடுகிறான். "மாமா, பேஸ் செமையா இருக்கு!" என்கிறான்.