வாடகை வீடு: கேள்வியும் பதிலும்

கே: கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வருகிறோம். ஃபிளாட் பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்ப்பது?

ப: குழாயை. டைல்ஸ், கப்போர்டு எல்லாம் அப்புறம். சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை எதிர்வீட்டு அம்மாவிடம் விசாரியுங்கள். போர் தண்ணீரைப் பற்றி யாரையும் கேட்க வேண்டாம்; பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாக உப்பு அப்பியிருந்தால் அதுவே பதில். அடுத்து மின் மீட்டர். தனி இணைப்பு இருந்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்கள் கணக்கில் சேரும். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கே: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்களே, நியாயமா?

ப: நியாயமில்லை. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாக வைத்திருக்கிறது. ஆனால், கூடுதலாகத் தர நீங்களே ஒப்பந்தத்தில் சம்மதித்துவிட்டால் அந்த அளவு உதவாது. ஆகவே, பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்! காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதி அட்வான்ஸ் திரும்ப வரவேண்டும். பெயிண்ட் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கே: "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ப: "மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை கொடுக்கிற ஆளுங்க" என்று சொல்லுங்கள். குடிவருபவரிடம் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். சாதி கேட்டுச் சாவி கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களுக்கே அவமானம். வீட்டுக்காரர்களே, அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள்.