கொசுறு விதி: கோடை முடிவின் மாடித்தோட்டம் குறித்து ஒரு சிற்றாராய்ச்சி

கத்திரி வெயில் நாட்காட்டியில் முடிந்துவிட்டது, மொட்டைமாடித் தரைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. வைகாசிப் பிற்பாதியின் அந்தச் சில வாரங்களே இவ்வாய்வின் காலம். சென்னை மாடிகளில் வரிசை கட்டி நிற்கும் குரோ பேக்குகளே களம். தரையில் தோட்டம் போட இடமுள்ள பாக்கியவான்கள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்களைப் பற்றி நினைக்கவும் பிடிக்கவில்லை.

நிறுவ வந்த கருதுகோள் இது: கோடை முடிவில் மாடியில் ஒரு செடி பிழைத்திருக்கும் வாய்ப்பு, கடையில் அதன் விலைக்கு எதிர்விகிதத்தில் அமையும். காய்கறிக்காரர் எதைக் கொசுறாகப் பையில் திணிக்கிறாரோ அது தழைக்கும். எதைத் தராசில் போட்டு நிறுக்கிறாரோ அது வாடும். இதனைக் கொசுறு விதி என்க.

முதற்சான்று கறிவேப்பிலை. வேரில் ஈரம் மட்டும் இருந்தால் போதும், எந்த வெயிலுக்கும் அது முகம் சுளிப்பதில்லை. இச்செடிக்கு லின்னேயஸ் 1771-இல் சூட்டிய அறிவியற் பெயரில், 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து ஊர் ஊராகச் செடி தேடிய யோஹன் கெர்ஹார்ட் கோனிக்கின் பெயர் ஒட்டியிருக்கிறது. நாள்தோறும் ரசத்தில் மிதந்து தட்டோரத்தில் ஒதுக்கப்படும் கௌரவம் வேறெந்தத் தாவரவியலாளருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது கற்பூரவல்லி. இதைக் கடைக்காரர் சும்மா கொடுக்கக்கூட வைத்திருப்பதில்லை. ஆகவே விலை சுழியம். சுழியத்தால் வகுத்தால் முடிவிலி வரும் என்பார்கள், மாடியில் அதுதான் நடக்கிறது. சதைப்பற்றான இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒடிந்து விழுந்த கிளையும் விழுந்த இடத்தில் வேர்விடும். சளிக்குக் கைகண்ட மருந்து எனப்படும் இது, வீட்டில் ஒருவருக்கும் சளி பிடிக்காத மாதத்தில் இப்படிக் கொழிப்பது தனித் துயரம்.

இனி எதிர்ப்பக்கம். தக்காளி பூக்கும், பூத்ததைக் காம்போடு உதிர்க்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாதபோது மகரந்தம் வீரியம் இழப்பதே காரணம். இதற்குத் தேமோர்க் கரைசல் தெளிப்போர் உளர். அது தெளித்தவருக்கு ஆறுதல் தருவதைக் கண்டிருக்கிறோம்.

கொத்தமல்லியின் நடத்தை இன்னும் மோசம். அஞ்சறைப் பெட்டித் தனியாவை இரண்டாக உடைத்து விதைக்கிறோம். வெயில் பட்டதும் அது இலை விடும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுத் தண்டு நீட்டிப் பூத்துவிடுகிறது. தனியா போட்டுத் தனியா எடுப்பதை வேளாண்மையில் சேர்ப்பதா, வங்கித் தொழிலில் சேர்ப்பதா என்பது தெளிவாகவில்லை. இதே வாரங்களில்தான் கடைக்காரரும், "மல்லிக்கட்டு என்ன விலை விக்குது தெரியுமா சார்?" என்று கொசுறை நிறுத்துகிறார்.

அற்றேல், காசுக்கு விற்கும் புதினா மாடியில் பச்சையாய் நிற்பது எங்ஙனம் எனின், அது தண்ணீர்த் தொட்டியின் கசிவிலும் நிழலிலும் நிற்பது. அதைப் பிளம்பரின் விளைச்சல் என்றே கொள்ள வேண்டும்.

"இதில் விதி எங்கே வந்தது? அதே வெயில் வயலிலும் அடிக்கிறது. அங்கே மகசூல் குறைவதால் கடையில் விலை ஏறுகிறது, அவ்வளவுதானே?" என்பாரும் உளர். ஏற்கிறோம். ஆயினும் வயலுக்காரருக்கு எஞ்சிய காய்க்காவது கூடுதல் காசு கிடைக்க வாய்ப்புண்டு. மாடிக்காரருக்கு எஞ்சுவது கற்பூரவல்லி.

நீர் பாய்ச்சுவதில் காலைக் கட்சி, மாலைக் கட்சி என இரண்டு உண்டு. பிற்பகலில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது அரிசி களையவும் ஆகாத வெந்நீர் என்பதால், நாம் காலைக் கட்சி. காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் மண் ஈரம் மாலைவரை தாங்கும். பச்சை நிழல்வலையும் நல்லதே. ஆனால் அது ஒரு காற்றுக்குப் பக்கத்து மாடியின் சொத்தாகிவிடுகிறது.

தழைத்த கறிவேப்பிலைக்குப் பயனாளிகள் இருவர். முதல் கோடை மழையில் தளிர் விட்டதும் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுப் போகிறது. அதன் புழு சிறுவயதில் பறவை எச்சம்போல் கிடந்து ஏய்க்கும். வளர்ந்தபின் இலைநிறம் கொள்ளும். தொட்டால் தலைப்பக்கம் சிவந்த கொம்பு நீட்டி நாற்றம் விடும். மற்றவர் கீழ்வீட்டு மாமி. "ரெண்டு ஈர்க்கு கிள்ளிக்கிறேம்பா" என்று முறையாகக் கேட்டுவிட்டு, கிளையையே ஒடித்துக்கொண்டு போவார். இருவரில் செடிக்கு யார் மேல் என ஆராய்ந்ததில், நுனி ஒடிந்த கிளையில் பக்கக் கிளைகள் வெடிக்கும் என்பதால், சான்றுகள் மாமியின் பக்கமே வலுவாக உள்ளன.