நியூட்ரல் கோட்பாடு: தில்லியில் பெருவண்டிகள் அடங்கும் விதம்

பெரிய வண்டி ஏன் ஓர் இடத்தில் அடங்குவதில்லை என்று கேட்டால், வண்டி பெரிது, இடம் சிறிது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மேலோட்டமான பதில். வண்டி அடங்குவதும் அடங்காததும் அதன் நீளத்தில் இல்லை. வெளியில் நிற்பவன் தள்ளினால் அது நகருமா என்பதில் இருக்கிறது. இதை நிறுவ முதலில் 1664 டிசம்பர் 6-க்குப் போகவேண்டும். அன்று காஷ்மீர்ப் பயணமாகத் தில்லியிலிருந்து கிளம்பிய ஔரங்கசீப், ஊரைத் தாண்டியதும் ஷாலிமார் பாக் தோட்டத்தில் ஆறு நாள் தங்கினார். கூடாரத் தொகுதி ஒன்றைச் சுமக்க 60-க்கு மேற்பட்ட யானைகள், 200 ஒட்டகங்கள், 100 கோவேறு கழுதைகள், 100 சுமைகாரர்கள் என்று கணக்குக் கொடுக்கிறார் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர். அப்படி இரண்டு தொகுதிகள். ஒன்று எப்போதும் ஒருநாள் முன்னால் போய்விடும். அத்தனை பெரிய நடமாடும் வீட்டுக்கு இடமில்லையென்று பாதுஷா திரும்பிவிடவில்லை; அதை நகர்த்தியவர்கள் வெளியே நின்றார்கள். இன்று அதே தோட்டத்தைச் சுற்றியுள்ள தில்லி வளர்ச்சிக் கழகக் (டிடிஏ) குடியிருப்புச் சந்து ஒன்றை அடைக்க ஒரு ஃபார்ச்சூனர் போதும். பாதுஷாவுக்கு எவன் வழிவிடமாட்டான் என்று கேட்கலாம். பின்கண்ணாடியில் சாதிப் பெயர் எழுதிய வண்டிகளுக்கு அதிகாரம் குறைவா என்ன? அவையும் மாட்டிக்கொண்டுதான் நிற்கின்றன.

தில்லியின் 2021 மாஸ்டர் பிளான், திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் ஒதுக்குகிறது. ஃபார்ச்சூனரே ஒன்பது சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் வண்டி வர, போக, திரும்ப. அதாவது உடம்பைவிட அசைவுக்கே அதிக இடம் வேண்டும் என்பது சட்டம் படைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தில்லிவாசி அந்த மிச்சத்திலும் கார்களை நிறுத்திவிட்டு, அசைவுக்கு வேறு வழி கண்டுபிடித்தான். கியரை நியூட்ரலில் போடு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடு, பூட்டிக்கொண்டு போ. உள்வரிசைக் கார்க்காரன் வந்ததும் பார்க்கிங் பையன் டயருக்கு அடியிலிருக்கும் அரைச் செங்கலைக் காலால் தட்டிவிட்டு, டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி நாலடி தள்ளுவான், வழி பிறக்கும். சிக்கல் எஞ்சினை அணைத்தால் தானே பூட்டிக்கொள்ளும் எலெக்ட்ரானிக் பிரேக்கோடு வந்தது. பத்துப்பேர் தள்ளினாலும் அசையாத வண்டி, ஆல்டோ அளவே இருந்தாலும் பெருவண்டிதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. திருவாரூர் தியாகராஜர் கோயில் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் எடை. அதற்கும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியாயிற்றே, அது மட்டும் எப்படி நாலு வீதியும் திரும்பி நிலைக்கு வருகிறது? வருகிறதென்றால், அந்த பிரேக் உள்ளே வீற்றிருக்கும் தியாகராஜர் கையில் இல்லை. வடம் பிடிப்பவரும், பின்னால் புல்டோசரில் இருப்பவரும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரும் கீழே, வெளியே நிற்கிறார்கள். எங்கே நிற்பது, எப்படித் திரும்புவது என்பது அவர்கள் பாடு.

ஆகவே தில்லியில் பெருவண்டி வாங்க நினைப்போர் டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகவேண்டாம். பார்க்கிங் பையனை அழைத்துப்போய், வாங்கப்போகும் வண்டியை ஒருமுறை தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.