டேப் ரிக்கார்டருக்கும் மார்க் போடுங்கள்

அனுப்புநர்: பழைய டூ-இன்-ஒன் வைத்திருப்பவன், அபிஷேகப்பாக்கம், புதுச்சேரி.
பெறுநர்: பழுது பார்க்கும் வசதிக்கு மார்க் போடக் கிளம்பிய குழுவினர், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, புது தில்லி.

மகா கனம் பொருந்திய ஐயா, அம்மா,

2022 டிசம்பர் 24 அன்று 'பழுது பார்க்கும் உரிமை' என்று இணையதளம் தொடங்கினீர்கள். 2024 செப்டம்பரில் குழு போட்டீர்கள். 2025 மே மாதம் அறிக்கையும் வந்துவிட்டது. இத்தனையும் நடந்து முடிந்த காலத்தில் எங்கள் வீட்டு செட்டின் பெல்ட் இளகித் தாராகி, புல்லியோடு ஒட்டிக் கிடக்கிறது.

முதலில் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும்தான் மார்க் என்றார்கள். 'டேப்' என்ற எழுத்தைப் பார்த்ததும் நம்ம செட்டும் அதில் சேர்த்தி என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். அந்த மார்க்கைக் கம்பெனியே தனக்குப் போட்டுக்கொள்ளுமாமே? இந்த ஏற்பாடு எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் நான் தாசில்தார் ஆகியிருப்பேன்.

சரி, அதே முறையில் என் செட்டுக்கு நானே போட்டுவிட்டேன். திறக்க ஆறு ஸ்க்ரூ, ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர்: முழு மார்க். சர்க்யூட் படம் பின்மூடியின் உள்பக்கமே ஒட்டியிருக்கிறது. பல்லி எச்சம் விழுந்த இடம் தவிர எல்லாம் தெளிவு. சாஃப்ட்வேர் அப்டேட்? வாங்கிய நாளிலிருந்து அது என்னிடம் கேட்டதே இல்லை.

நோய்களும் யோக்கியமானவை. வால்யூமைத் திருகினால் கரகரவென்றால், உள்ளே கார்பன் தடத்தில் தூசு. கிளீனர் அடித்து இருபது தரம் முன்னும் பின்னும் திருகினால் போய்விடும். பாட்டு மூக்கடைத்துக் கேட்டால் ஹெட்டில் பழுப்பு மாவு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சு போதும். பாட்டே இல்லாதபோதும் 'உம்ம்' என்று முனகினால் பவர் சப்ளை கெபாசிட்டர் வற்றிவிட்டது என்று அர்த்தம். 50 சைக்கிள் கரண்ட் டயோடுகளைத் தாண்டும்போது 100 ஆகி, தடுக்க ஆளில்லாமல் ஸ்பீக்கர் வரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாற்றுவது பெரிய வித்தை அல்ல. டார்ச் ஒரு கை, ஈயம் ஒரு கை, சால்டரிங் அயர்ன் ஒரு கை, போர்டு ஒரு கை. பக்கத்துச் சிங்கிரிகுடி நரசிம்மருக்குப் பதினாறு கை, எனக்கு இரண்டு.

பெல்ட்டுக்குத்தான் நரசிம்மரை விட்டுச் சென்னை நரசிங்கபுரத்துக்கு, ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் "கேசட்டா, அங்கிள்?" என்று கேட்டுவிட்டு என்னையும் ஸ்டாக் தீர்ந்த மாடலாகப் பார்த்தான். திரும்பி வந்து சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். டி.எம்.எஸ். தூக்கக் கலக்கத்தில் பாடினார்.

முன்பு கடைத்தெருவில் ரேடியோக்காரர் ஒருவர் இருந்தார். திட்டுவார், ஒரு வாரம் இழுத்தடிப்பார், ஆனால் செட் பாடிக்கொண்டு திரும்பும். அவர் இருந்தவரை உரிமை கேட்டு யாருக்கும் மனுப் போட்டதில்லை. இப்போது அதே கடையில் கைபேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள்.

இன்னொரு விஷயம். பிரான்சில் 2021 ஜனவரியிலேயே 10-க்கு இத்தனை என்று மார்க் போட ஆரம்பித்துவிட்டார்கள். "1954-ல் அனுப்பிவைத்தோமே, இன்னும் 67 வருஷம் பொறுத்திருக்கலாமோ?" என்கிறார் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எங்கள் தெருப் பெரியவர். அந்தப் பட்டியலிலும் டேப் ரிக்கார்டர் இல்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்கு மார்க் வேண்டாம். சதுர வெட்டு, சுற்றளவு 20 செ.மீ., கனம் ஒன்றரை மில்லிமீட்டர்: இந்த அளவில் ரப்பர் பெல்ட் ஒன்று அனுப்பிவைத்தால் போதும். தபால் செலவு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள நுகர்வோன்

இணைப்பு: தாராகிப்போன பழைய பெல்ட், பிளாஸ்டிக் உறையில். பிரித்தால் கையில் ஒட்டும். கோப்பில் படாமல் பார்த்துக்கொள்ளவும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைக்கவும்.