ஆராய்ச்சி அப்பா

குழந்தை பிறந்த அன்று இவரை அடையாளம் காண முடியாது. எல்லா அப்பாக்களையும் போலத்தான் பிரசவ வார்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், நர்சுகளுக்கு ஜாங்கிரி கொடுப்பார், பெயருக்கு எந்த எழுத்து வருகிறது என்று ஜோசியருக்குப் போன் போடுவார். பிறந்த கையோடு போடுகிற பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, வாயில் விடுகிற போலியோ சொட்டு எல்லாம் இவர் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் முடிந்துவிடும். ஒன்றரை மாதம் கழித்து, தடுப்பூசி அட்டையைப் பிரித்துப் பார்த்து, "ஏங்க, வர்ற புதன்கிழமை பாப்பாவுக்கு ஊசி" என்று மனைவி சொல்கிற நிமிடத்தில்தான் ஆராய்ச்சி அப்பா பிறக்கிறார்.

"இரு. அவசரப்படாத. நான் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணிட்டுச் சொல்றேன்."

ஆராய்ச்சி இரவு பதினொரு மணிக்குக் கட்டிலில் தொடங்கும். டாக்டர்கள் மறைக்கிற உண்மை என்ன என்று ஒருவர் காரில் உட்கார்ந்தபடி நாற்பது நிமிடம் பேசியிருப்பார். அதை இவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். வாட்ஸ்அப்பில் 'பலமுறை பகிரப்பட்டது' என்று போட்டு வருகிற செய்தியைக் கண்டால் மற்றவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். இவருக்கு அது ஐ.எஸ்.ஐ. முத்திரை. இத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்றால் பொய்யாகவா இருக்கும்?

மறுநாள் காலை சிவந்த கண்களோடு அறிக்கை வெளியாகும். முதல் குற்றச்சாட்டு, விலை பற்றியது. சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள் என்றால், "சும்மா எவனாவது எதையாவது குடுப்பானா? உள்ள ஏதோ இருக்கு" என்பார். சரி, தனியார் கிளினிக்கில் காசு கொடுத்தே போட்டுக்கொள்ளலாம் என்றால், "பார்த்தியா, கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான்" என்பார். இலவசமும் கூடாது, காசும் கூடாது. மூன்றாவதாக ஒரு வழியை யாராவது கண்டுபிடிக்கிறவரை குழந்தை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கலப்படம். "இதுல அலுமினியம் இருக்கு, தெரியுமா?" என்பார். இருக்கிறது. சில தடுப்பூசிகளில் உடம்பின் எதிர்ப்பைத் தட்டியெழுப்ப மிகச் சிறிய அளவு அலுமினிய உப்பு சேர்ப்பது 1930களிலிருந்தே நடக்கிறது. தாய்ப்பாலிலும் குடிநீரிலும்கூட அது துளியளவு உண்டு. இந்தத் தகவலை மைத்துனர் எடுத்துச் சொல்லும்போது நம்மவர் அலுமினியக் குண்டானில் வடித்த சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். முந்தின நாள் ராத்திரி தெருமுனைக் கடையில் பரோட்டா தின்றபோது அந்த எண்ணெய் எத்தனையாவது நாளாகக் கொதிக்கிறது என்று இவர் கேட்கவில்லை. ஆராய்ச்சிக்கு எல்லை உண்டு. அது பரோட்டாக் கடை வாசலோடு முடிகிறது.

மூன்றாவது, ஆட்டிசம். இங்கே குரல் தாழும். "லண்டன்ல பெரிய டாக்டரே சொல்லியிருக்காரு." சொன்னார்தான். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் 1998இல் லான்செட் இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசிமீது அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். 2010இல் அதே இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு பிரிட்டனில் அவரை மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று 2019இல் ஆய்வு வெளியிட்டார்கள். நம்மவரிடம் இருப்பது 5ஜி போன். இருந்தும் 1998 வந்து சேர்ந்துவிட்டது, 2010 இன்னும் வந்து சேரவில்லை.

கடைசி அஸ்திரம் தாத்தா. "அந்தக் காலத்துல எங்க தாத்தா என்ன ஊசி போட்டாரு? தொண்ணூறு வயசு இருக்கல?" இதற்கு அம்மாவின் பதில் சமையலறையிலிருந்து வரும்.

"டேய், உங்க தாத்தாகூடப் பொறந்தது ஒம்போது பேரு. கல்யாண வயசைப் பார்த்தது நாலே பேரு. நீ தொண்ணூறு வயசு வாழ்ந்தவரை மட்டும் எண்ணுனா எப்படிடா?"

அம்மாவின் கையில் பெரிய காசளவுக்கு அம்மை குத்தின தழும்பு இருக்கும். மகனுடைய இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். மருந்தின் முத்திரையைத் தோளில் தாங்கிக்கொண்டு மருந்தே வேண்டாம் என்று பேசுகிறோமே என்ற உறுத்தல் இவருக்கு வராது. அது தோளின் பின்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது; கண்ணாடியில் சரியாகத் தெரிவதில்லை.

இந்த ரகம் நேற்று முளைத்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் அம்மைப்பால் குத்துகிறவர் ஊருக்குள் நுழைந்தால், பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்த அப்பாக்கள் இவருடைய முன்னோர்கள். அப்போது மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்றார்கள். இப்போது இயற்கை எதிர்ப்புச் சக்தி கோபித்துக்கொள்ளும் என்கிறார்கள். ஒளிந்த பிள்ளைகளையும் தேடிப்பிடித்துக் குத்தியதால்தான் 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

2017 பிப்ரவரியில் இதே ரகம் பள்ளிக்கூட வாசல்களில் கூட்டமாகக் காட்சி தந்தது. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தமிழ்நாடு முழுவதும் முகாம் நடந்தது. வாட்ஸ்அப் வதந்தி முகாமுக்கு முன்னாலேயே வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஊசி போடுகிற நாளில் மட்டும் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, தாய்மாமன் வீட்டு விசேஷம், காரணம் சொல்லத் தெரியாத விடுப்பு. மாதக் கடைசியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்குக் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கும் என்பதற்காக நடந்த முகாம் அது. அன்றைக்கு வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்த பெண்பிள்ளைகள் பலர் இன்று கல்யாண வயதில் இருக்கிறார்கள்.

"ஊசி போடாமலே எங்க மூத்தவன் நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்கிற சீனியர் ஆராய்ச்சி அப்பாவும் உண்டு. பேருந்தில் ஐம்பது பேர் டிக்கெட் எடுத்திருக்க, ஒருவர் மட்டும் எடுக்காமல் இறங்கி, "பார்த்தீங்களா, டிக்கெட் இல்லாமலே வண்டி ஓடுது" என்றால் எப்படியோ அப்படித்தான் இதுவும். தட்டம்மை வந்த ஒரு குழந்தை, தடுப்பு இல்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரப்பும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளாவது ஊசி போட்டிருந்தால்தான் அது ஊருக்குள் கால் வைக்காது. அந்தத் தொண்ணூற்றைந்து பேரின் தயவில் சீனியர் தத்துவம் பேசுகிறார். "போலியோவெல்லாம் இப்ப எங்க சார் இருக்கு?" என்று கேட்பதும் இவர்தான். இயற்கையாகப் பரவும் போலியோ இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. அது தானாகப் போகவில்லை. சொட்டு மருந்து முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ஐஸ் பெட்டியோடு நின்றவர்கள் துரத்தினார்கள்.

இனி, கதையின் உச்சக்கட்டம். புதன்கிழமை. துணை சுகாதார நிலையம். மனைவி குழந்தையோடு முன்னால் நடக்க, நம்மவர் பிரிண்ட் எடுத்த தாள்களைப் பைலில் போட்டுக்கொண்டு பின்னால் வருவார். ஊசி போடவிடுவதற்கு அல்ல, கேள்வி கேட்பதற்கு.

"சிஸ்டர், இந்த ஊசில என்ன இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

கிராம சுகாதார செவிலியர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "இது அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி சார். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் உண்டாக்குற ஒரு கிருமி. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும், போட்ட இடம் வீங்கும். பயப்படாதீங்க, மருந்து தர்றோம். தேய்ச்சு விடாதீங்க. ரொம்ப அபூர்வமா யாருக்காவது அலர்ஜி ஆகலாம். அதுக்குத்தான் அரைமணி நேரம் இங்கயே உக்காந்துட்டுப் போகச் சொல்றோம்."

ஆராய்ச்சி அப்பா ஆடிப்போவார். பக்கவிளைவை மறைக்கிறார்கள் என்பதுதான் பைலின் முதல் பக்கம். இந்த அம்மா கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்! கையிலிருக்கிற கடைசி அம்பை எடுப்பார். "சரி, இது வெயில்ல கெட்டுப்போயிருந்தா?"

இப்போதுதான் செவிலியர் நிமிர்வார். மருந்துக் குப்பியை இவர் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார். "இந்த வட்டத்தைப் பாருங்க சார். உள்ள ஒரு சதுரம் இருக்கா? வெளிய இருக்கிற வட்டத்தைவிட வெளுப்பா இருந்தா மருந்து நல்லாருக்குன்னு அர்த்தம். சூடுபட்டா கறுத்துக்கிட்டே வரும். வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா நாங்களே தூக்கிப் போட்டுருவோம்."

ஆராய்ச்சி அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சதுரத்தைப் பார்ப்பார். வெளுப்பு. மறுபடி பார்ப்பார். வெளுப்புதான். வாழ்க்கையிலேயே முதன்முறையாக அவர் கண்ணால் பார்த்துச் செய்த ஆராய்ச்சி. அந்தச் சந்தடியில் தொடையில் ஊசி ஏறிவிடும்.

அன்று ராத்திரி காய்ச்சல் வரும் என்று சொன்னபடி வரும். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பார் நம்மவர். பாவம், இத்தனை நாள் ஆராய்ச்சி என்று அவர் பெயர் வைத்திருந்தது பயத்துக்குத்தான். மறுநாள் காய்ச்சல் இறங்கியதும் பழைய மிடுக்கு திரும்பிவிடும். ஆனால் திசை மாறியிருக்கும். வாட்ச்மேன், மைத்துனர், எதிர்வீட்டுப் புது அப்பா என்று ஒருவரையும் விடமாட்டார். "ஊசி போட்டீங்க சரி, சதுரத்தைப் பார்த்தீங்களா? பார்க்கலையா? என்ன சார் நீங்க, படிச்சவரு!"

இவரைத் திட்டித் திருத்த முடியாது. முட்டாள் என்றால் பைல் இன்னும் பருமனாகும். இவருக்கு வேண்டியது மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. பொய் அதை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது; உண்மைதான் சுகாதார நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. செவிலியர் அந்தக் குப்பியை நீட்டியதுபோல யாராவது அதை எடுத்து நீட்ட வேண்டும்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு ஆராய்ச்சி அப்பா இருந்தால் சண்டை போடாதீர்கள். வருகிற புதன்கிழமை கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். பதில் முடிகிறவரை அங்கேயே உட்கார வையுங்கள். தடுப்பூசி அட்டையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். பைலுக்குள் வைத்துவிட்டு, அடுத்த தவணைக்குள் எங்கே வைத்தோம் என்று ஆராய்ச்சி பண்ண ஆரம்பித்துவிடுவார்.