சிலிண்டரைக் கடல் சுமக்கும்!

கேள்வி: எனக்கு 42 வயது. ஸ்கூபா டைவிங் கற்க ஆசை. “அந்த சிலிண்டரைத் தூக்கவே உன்னால் முடியாது” என்கிறார் கணவர். கற்றுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாக! சிலிண்டர் கனப்பது படகில் இருக்கும்வரைதான். நீரில் இறங்கியதும் அந்தப் பாரத்தைக் கடல் வாங்கிக்கொள்ளும். கீழே தேவைப்படுவது புஜபலம் அல்ல. பதறாத, சீரான மூச்சு. ஜோடியாக இறங்குவதுதான் அங்கே நடைமுறை, எனவே கணவரையும் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள்.

1970இல் விர்ஜின் தீவுகளில், சில்வியா ஏர்ல் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு கடலடிக் கூடத்தில் இரண்டு வாரம் தங்கி ஆராய்ந்தது. தென்கொரியாவின் ஜெஜு தீவில் ஹேன்யோ பெண்கள் எழுபது வயதைத் தாண்டியும் சிலிண்டரே இல்லாமல் மூழ்கிச் சிப்பி எடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் மன்னார் வளைகுடாவிலேயே பாசி எடுக்கும் பெண்களுக்கு மூச்சடக்கி மூழ்குவதுதான் பிழைப்பு.

பெண்களைத் தடுப்பது கடல் அல்ல, கரைதான். உடை மாற்ற ஒழுங்கான அறை, அளவுக்குப் பொருந்தும் உடுப்பு, கேட்டால் ஒரு பெண் பயிற்றுநர்: இவை இருந்தாலே பாதித் தயக்கம் போய்விடும். இல்லாத இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் இறங்கக் கூடாது. உங்களுக்கு முதல் வேலை, மருத்துவரிடம் காது, இதயம், நுரையீரலைக் காட்டிவிட்டு வருவது.